அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு

ஆவடி,
17-5-1987

சேசு மரி சூசை துணை

என் செல்லத் தம்பி இக்னேஷியசுக்கு அக்கா ஜெயசீலி எழுதுவது. நீ ரயிலேறிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நானும் உன் அத்தானும் குமாரியும் கர்த்தர் கிருபையில் சுகம். அம்மாவும் சுகம்.

அம்மா சுகம் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. 'அம்மா கவலைக்கிடம், உடனே புறப்படு' என்று தந்தி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, உன் அத்தான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கவலைக்கிடமாகக் கிடந்தவள், குமாரி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டாள். "இன்னா அத்தே, சாகப்போற நேரத்துல இத்தினி பசியா?" என்று உன் அத்தான் கேட்க, அம்மா கரண்டியை எடுத்து அடிக்க வந்தாள்.

பாவமோ என்று எனக்கு உறுத்தியது. ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் யார் வீட்டுப் பிள்ளை யூனிபாரம் போட்டிருந்தாலும் லீவு வாங்க இதுதானே வழி? எதிர்வீட்டுப் பார்த்தசாரதி சார், அவர் மகன் ஊருக்கு வருவதற்காகத் தன்னையே மூன்று தடவை சாகக் கிடத்தியிருக்கிறார். நீ வராமல் குமாரியின் புதுநன்மை எப்படி நடக்கும்? தாய்மாமன் வாங்கிக் கொடுத்த வெள்ளை கவுனை இன்னும் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

அந்தக் காட்டில் கொசுவலை கட்டிக்கொண்டு படு. உடனே பதில் போடு.

உன் அக்கா,
ஜெயசீலி

*

வாரங்கல் முகாம்,
8-6-1987

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி இக்னேஷியஸ் வணக்கத்துடன் எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். அத்தானுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். குமாரிக்கு முத்தம்.

இங்கே புது அதிகாரி வந்திருக்கிறார். திரும்பி வந்து ரிப்போர்ட் செய்தபோது, "உன் தாயாருக்கு என்ன வியாதி?" என்றார். வாதசுரம் என்றேன். "பிழைத்துவிட்டாரா?" என்றார். பிழைத்துவிட்டார் சார் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மதராஸிகளின் அம்மாக்கள் எல்லாம் திருவிழாவுக்கு முந்தின வாரம்தான் சாகக் கிடக்கிறார்கள்" என்று எல்லார் எதிரிலும் சொன்னார். நானும் கூடச் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

மழை பிடித்துவிட்டது. இனி கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு கேட்க வேண்டும். அத்தானிடம் சொல், அடுத்த தடவைக்கு வேறு வியாதி யோசித்து வைக்கட்டும்.

உங்கள் தம்பி,
இக்னேஷியஸ்

*

ஆவடி,
2-8-1987

தம்பி இக்னேஷியசுக்கு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ சுகமா என்று கேட்கவும் மனசு வரவில்லை.

தந்தி கிடைத்ததா இல்லையா? 'அத்தான் அருள்தாஸ் மரணம், உடனே புறப்படு' என்று சித்தப்பா மகன் ஜேம்ஸ் அன்றைக்கே கொடுத்தான். ராத்திரி வண்டி பிடித்தால் காலையில் வந்துவிடலாமே? பிரேதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்து, நீ வருவாய் என்று அடக்கத்தை ஒருநாள் தள்ளி வைத்தோம். ஐஸ் உருகி நடையெல்லாம் ஓடியது. ஆட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா வாசலுக்கு ஓடினாள். கடைசியில் சாமியார் இதற்கு மேல் வைக்க முடியாது என்றார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை ஜேம்ஸ்தான் என் தோளில் போட்டான். உடன்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தன் போட்ட கோடி. கூட்டத்தில் நாலு பேர் பேசியதும் என் காதில் விழுந்தது.

நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பாய். ஜூலை 21, செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இங்கே ஆவடி ஆயுதப்படை கேம்ப் வாசலில் காவலுக்கு நின்ற நாகப்பன் என்கிறவன் உள்ளே போய்த் தன் அதிகாரியைச் சுட்டிருக்கிறான். பிறகு வாசலுக்கு வந்து, எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பக்கம் துப்பாக்கியைத் திருப்பினான். உன் அத்தான் வேலை முடிந்து வந்து நின்றிருந்தார். கள்ளிக்குப்பத்து நர்ஸ் பெண் கஸ்தூரி, ஐயப்பன்தாங்கல் டிப்போவின் கண்டக்டர் ரகுநாதன், பேர்கூடத் தெரியாத ஒரு பெரியவர், எல்லாரும் அங்கேயே போய்விட்டார்கள். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான்.

அங்கே பூ விற்கும் சுசீலா மட்டும் கூடைக்குப் பின்னால் விழுந்து தப்பித்தாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணாத்தே இன்னாவோ ஜோக்கு சொல்லிகினு இருந்தாரும்மா. எல்லாரும் சிரிச்சிகினு இருந்தோம். அப்பத்தான் அவன் திரும்பிப் பாத்தான்." சிரித்துக்கொண்டே போனார் என்பது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

நீ ஏன் வரவில்லை என்று எழுது. குமாரி கேட்கிறாள்.

ஜெயசீலி

*

வாரங்கல் முகாம்,
30-8-1987

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் இத்தனை நாள் கடந்துவிட்டது. அத்தானின் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறேன். அவருடைய சிரித்த முகம் கண்ணிலேயே நிற்கிறது.

டூட்டி இருந்தது. தந்தியும் தாமதமாகக் கிடைத்தது. அதனால் வர முடியவில்லை. என்னை மன்னித்துவிடு.

அம்மாவைப் பார்த்துக்கொள். நான் சுகம்.

இக்னேஷியஸ்

*

ஆவடி,
13-9-1987

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்தேன். ஒரு கார்டில் எழுதியிருக்கலாம், இன்லண்ட் லெட்டரை வீணாக்கியிருக்கிறாய்.

தந்தி தாமதமாகக் கிடைத்தது என்கிறாயே, நான் தந்தி ஆபீசுக்கே போய் விசாரித்தேன். அன்று ராத்திரியே உன் முகாமில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். என்னிடம் ஏன் பொய் சொல்கிறாய்? அத்தான் உனக்கு என்ன குறை வைத்தார்? செலக்ஷனுக்குப் போகும்போது பூந்தமல்லி வரை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனவர் அவர்தானே?

இங்கே யாரும் தூங்குவதில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து பஸ் ஸ்டாப்பில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். கற்பூரம் கொண்டுவருகிறவர்களும் உண்டு. கள்ளிக்குப்பத்தில் மூன்று நாள் கடை திறக்கவில்லை. பார்த்தசாரதி சார்தான் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மனு எழுதி, எங்களையெல்லாம் அழைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார். விசாரணையைக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்துகிறார்கள். வெளியே வந்த ஒருவர், "மனநிலை சரியில்லாதவர், அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். முந்தின நாள்வரை அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து வாசலில் நிறுத்தியபோது மனநிலை சரியாக இருந்ததா? கஸ்தூரியின் அம்மா ஜீப்புக்கு முன்னால் படுத்துவிட்டாள். தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நாகப்பன் பெண்டாட்டி தாட்சாயிணி கள்ளிக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பெண்கள் போய்ச் சாணியைக் கரைத்து வாசலில் ஊற்றினார்கள். நானும் போனேன். நானும்தான் ஊற்றினேன்.

தம்பி, நீயும் அதே மாதிரி யூனிபாரம் போடுகிறவன். அதே மாதிரித் துப்பாக்கி பிடிக்கிறவன். எனக்கு ஒன்றே ஒன்று சொல். ஒரு மனுஷனுக்கு அப்படி என்ன வரும்? ஏன் செய்தான்? எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் நான் சாகவும் முடியாது, வாழவும் முடியாது. ராத்திரி கண்ணை மூடினால் இந்த ஒரு கேள்விதான்.

அம்மா உனக்கு எழுதச் சொன்னாள்: ஒழுங்காகச் சாப்பிடு.

ஜெயசீலி

*

வாரங்கல் முகாம்,
25-10-1987

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிறேன்.

ஏன் செய்தான் என்று கேட்டிருந்தாய். நான் ஒன்று கேட்கிறேன். நாகப்பன் எத்தனை மாதமாக லீவு இல்லாமல் இருந்தான் என்று சங்கத்தில் யாராவது கேட்டார்களா? கடைசியாக எதற்கு லீவு கேட்டான்? கொடுக்காத அதிகாரி என்ன சொன்னார்? இதையெல்லாம் கேட்காமல் ஏன், ஏன் என்றால் எப்படித் தெரியும்?

எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. சாப்பாடு உள்ளே போகவில்லை. மெஸ்ஸில் யாராவது சிரித்தால் காது அடைத்துக்கொள்கிறது. எதைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று எழுந்து போய்க் கேட்கிறேன். என்னைப் பற்றி இல்லை என்கிறார்கள். பொய்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே. இனி எதற்கும், எதற்கும் எனக்குத் தந்தி கொடுக்காதே.

இ.

*

ஆவடி,
8-11-1987

என் கண்ணான தம்பி இக்னேஷியசுக்கு,

நீ சுகமா? இந்தத் தடவை வழக்கத்துக்குக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்கினாயா?

கல்லறைத் திருநாளுக்கு உன் அத்தான் கல்லறையைக் கழுவிச் சாமந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே ஒருத்தி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள். தாட்சாயிணி. நம் ஜனங்கள் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். எதற்கு வந்தாய் என்று கேட்டேன். "எங்க சாதியில இது இல்லக்கா. அங்க வர்றவங்க யாராச்சும் எம் புள்ளைக்கும் ஒரு வத்தி கொளுத்துவாங்களான்னு பாத்தேன்" என்றாள். எந்தப் பிள்ளைக்கு என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆடிக் கூழு ஊத்தறதுக்குப் புள்ளைய இட்டுகினு அவரு ஊருக்குப் போயிருந்தேன், ஆரணிப் பக்கம். ஜொரம் வந்துச்சு. மூளைக்கு ஏறிட்ச்சுன்னாங்க. தந்தி குட்தோம். அவரு வர்ல. புள்ள பூட்ச்சி. மறுபடியும் தந்தி குட்தோம். அப்பவும் வர்ல. பொதச்சிட்டோம். எங்க மாமனாரு நேர்ல போயி சொன்னாரு. அன்னிக்குத்தான் அந்த செவ்வாக்கெழம. ரெண்டு தந்தியையும் ஆபீசரு மேசை மேல போட்டுச் சிரிச்சாராம். ஆடித் திருவிழாவாடா, போன தபா பொங்கலுக்கு உம் பொண்டாட்டி செத்தாளே, எழுந்துட்டாளான்னு கேட்டாராம். நான்தாங்க்கா போன பொங்கலுக்குப் பொய்த் தந்தி குட்தேன். எல்லாரும் குடுக்கறாங்களேன்னு குட்தேன். நெஜமா புள்ள சாவும்போது எவன் நம்புவான்?"

பிறகு என் வாயிலிருந்து ஒன்றுதான் வந்தது: "என் வீட்டுக்காரர் அவனுக்கு என்ன செய்தார்?" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்த மட்டும் எங்கிட்ட கேக்காதக்கா. அத்த நானும் தெனம் கேக்கறேன்."

சுசீலா சொன்னதை அப்போது நினைத்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் மறுபடி படித்தேன். தம்பி, நான் எவ்வளவு பெரிய முட்டாள். நீ வராததற்கு டூட்டி காரணமில்லை. உன்னையும் நம்பவில்லை, அப்படித்தானே? புதுநன்மைக்காக நாங்கள் கொடுத்த தந்தி, அத்தான் செத்த தந்தியைப் பொய்யாக்கிவிட்டது. உன் அதிகாரி சிரித்தாரா? என் மனசு கஷ்டப்படும் என்றுதானே நீ எழுதவில்லை?

என் கோபம் எல்லாம் போய்விட்டது. இப்போது பயம்தான் இருக்கிறது. உன் கையிலும் துப்பாக்கி இருக்கிறது. கோபம் எனக்கிருக்கட்டும், நீ வைத்துக்கொள்ளாதே. சமையலறையில் வேலை கேள். காய் நறுக்கு, தண்ணீர் சும. அந்தத் துப்பாக்கி வேண்டாம். உன் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன். உடனே ஒரு வரி போடு.

உன் அக்கா,
ஜெயசீலி

*

ஆவடி,
29-11-1987

என் தம்பிக்கு,

பதிலே இல்லை. தபால்காரர் எங்கள் பிளாக்குக்கு வருவதற்கு முன்பே நான் ரோட்டில் போய் நிற்கிறேன். நீ இருக்கிறாயா? இரண்டு கோடு கிழித்து அனுப்பினாலும் போதும்.

நேற்றுச் சங்கக் கூட்டத்தில் எழுந்து தாட்சாயிணி சொன்னதைச் சொல்லிவிட்டேன். என்னால் மூடி வைக்க முடியவில்லை. கஸ்தூரியின் அம்மா, "கொலகாரனுக்கு வக்காலத்து வாங்கறியாடி? தாலி அறுத்தவளுக்கு வெக்கமா இல்ல?" என்று என் மேல் துப்பினாள். நான் துடைக்கவில்லை. அவள் பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவள். அவன் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை; என் ஜென்மம் உள்ளவரை சொல்ல மாட்டேன். ஏன் என்று கேட்டோமே, அதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

பார்த்தசாரதி சார், "தந்தி கொடுத்தவர்கள் கொலைகாரர்களா?" என்று மேசையைத் தட்டிக் கத்தினார். கத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். சுற்றிப் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் பொய்த் தந்தி கொடுக்காத வீடு ஒன்றும் இல்லை. அவர் மகன் இப்போது எல்லையில் இருக்கிறான். உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கூட்டம் கலைந்துவிட்டது.

அங்கிருந்து நேரே தந்தி ஆபீசுக்குப் போனேன். பாரத்தை வாங்கிப் பேனாவையும் எடுத்துவிட்டேன். பிறகுதான், தந்தி கொடுக்காதே என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. அம்மா கவலைக்கிடம் என்று எழுதினாலும் உன் அதிகாரி சிரிப்பார். அக்கா செத்தாள் என்று எழுதினாலும் சிரிப்பார். நிஜமாகவே நான் செத்துக் கிடந்தாலும் இனி உன்னைக் கூப்பிட வழியில்லை. பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

நம் கோயில் பங்குசாமி உன் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதையாவது நம்புவாரா?

உன் அக்கா,
ஜெயசீலி

*

வாரங்கல் முகாம்,
6-12-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் என் சட்டைப் பையில் இருக்கின்றன.

உனக்குத் தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. அன்று ராத்திரி தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு அவர், "போன தடவை அம்மா பிழைத்தார், இந்தத் தடவை அத்தானா?" என்றார். அழுதேன். நன்றாக நடிக்கிறாய் என்றார். மதராஸில் துப்பாக்கிச் சூடு நடந்த செய்தி மறுநாள் ரேடியோவில் வந்தது. அதைச் சொன்னேன். "செய்தி கேட்டுத்தான் உன் ஆட்களுக்கு யோசனை வந்திருக்கும்" என்றார். தந்தி அதற்கு முந்தின ராத்திரியே வந்தது என்று சொல்லவும் விடவில்லை. போலீஸ் அத்தாட்சி வரட்டும் என்றார். அது வந்தபோது அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அதுதான் புதைத்தாயிற்றே, இனி போய் என்ன செய்வாய்?" என்றார்.

நீ கோடிக்குக் காத்திருந்ததைப் படித்தபோது நான் காவல் மேடையில் இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது. நாகப்பனை நான் சபிக்க வேண்டும். அத்தானைக் கொன்றவன். சபிக்க வாய் திறக்கிறேன், வரவில்லை. அவனுக்குள் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. அது தெரிகிறதே என்பதுதான் என் பயம்.

நீ சொன்னபடி சமையலறை வேலை கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு லீவும் கேட்டேன். பங்குசாமியின் கடிதத்தை அதிகாரி உரக்கப் படித்தார். "இப்போது பாதிரியாரும் சேர்ந்துவிட்டாரா?" என்று சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். பதினைந்தாம் தேதியிலிருந்து அவர் ஆபீஸ் வாசலில் எனக்குக் காவல் போட்டிருக்கிறார்.

அக்கா, அவர் சிரிக்காமல் இருந்தால் போதும். அதற்காக மட்டும் ஜெபம் செய்.

அம்மாவையும் குமாரியையும் கேட்டதாகச் சொல். நான் வாங்கிக் கொடுத்த கவுன் அவளுக்குச் சின்னதாகிவிட்டிருக்கும்.

இக்னேஷியஸ்

*

(காவலர் கையில் கொடுத்தனுப்பிய துண்டுச் சீட்டு)

முகாம் வாசல்,
15-12-1987

தம்பி,

நானும் அம்மாவும் வாசலில் நிற்கிறோம். குமாரியைத் தாட்சாயிணியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வேறு யார் நம்மைப் புரிந்துகொள்வார்கள்?

நீ கடிதத்தில் என்ன எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ரயிலில், நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அம்மா ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. வந்ததும் காவலரிடம் உன் பெயரைச் சொன்னேன். இருக்கிறார், உள்ளே காவலில் நிற்கிறார் என்றார். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். உன் அதிகாரி வந்து பார்க்கட்டும். இது தந்தி இல்லை. இரண்டு பொம்பளைகள் நேரில் வந்திருக்கிறோம். எங்களைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். நீ கேட்காதே.

ஜேம்ஸ் போட்ட கோடியை நான் இன்னும் உடுத்தவில்லை. கொண்டு வந்திருக்கிறேன். உன் கையால் என் தோளில் போட வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும்.

பிறந்த வீட்டுக்காரன் வெறுங்கையோடு வரக் கூடாது என்பார்கள். நீ வெறுங்கையோடு வா.

அக்கா